கேட்டுக் கீறியவர்

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் யாரிடமாவது "லோயர் அக்காவின்ர கந்தோர் எங்க?" என்று கேட்டால், மரக்கறிக்கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து கை காட்டுவார். சேலைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஆனால் காலை ஒன்பது மணிக்கு முன் கேட்டால் அதே மனிதர் தலையை ஆட்டுவார்.

"இப்ப போகாதேங்கோ. இப்ப அவ லோயர் இல்லை."

அந்த நேரத்தில் லோயர் அக்கா மெத்ரோ நிலையத்துக்கு எதிரே இருந்த கஃபேயில், கண்ணாடியோரக் கடைசி மேசையில் இருப்பார். வெளியே இரும்புப் பாலத்தில் மெத்ரோ ஓடும்போதெல்லாம் கோப்பைக்குள் கோப்பி நடுங்கும். ஏழு மணிக்கு வந்து அமர்ந்தால் முதலில் எழுத்து, அது சலித்தால் படம். கறுப்புக் கோட்டின் வலது கை விளிம்பில் எப்போதும் பென்சில் கரி படிந்திருக்கும். அதே கோட்டோடுதான் நீதிமன்றத்துக்கும் போவார். குள்ளமான பெண், நெற்றிக்கு மேல் ஒரு பிடி நரை, பேசும்போது எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்க்காமல் கையைப் பார்க்கிற வழக்கம். முதல் தடவை சந்திப்பவர்கள் கொஞ்சம் சங்கடப்பட்டு, கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் மூன்று ரெஸ்ரோரண்ட் வைத்திருந்த முதலாளி ஒருவர் எட்டரைக்கே அந்தக் கஃபேக்கு வந்துவிட்டார். கடை வாடகை வழக்கு. லாச்சப்பலில் அவருக்காகக் காத்திருப்பவர்கள்தான் அதிகம், அவர் யாருக்காகவும் காத்திருந்ததில்லை.

"லோயர், ஒரு நிமிசம்தான்," என்று கதிரையை இழுத்தார்.

"அண்ணை, அந்த மேசையில இருந்து ஒரு கோப்பி குடியுங்கோ. ஒன்பது மணிக்கு மேல வந்து ஏறுங்கோ, நானும் வாறன்."

"அரை மணித்தியாலம் நான் சும்மா இருக்கிறதோ?"

"நான் சும்மா இருக்கேல்லை, அண்ணை."

முதலாளி போய் இருந்தார். கோப்பியும் குடித்தார். அதற்குப் பிறகு பல வருடங்கள் அவரேதான் இந்தக் கதையை எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். ஆனால் யாரையாவது பொலிஸ் பிடித்துவிட்டது என்று தகவல் வந்தால் நிலைமை வேறு. லோயர் அக்கா பாதிக் கோட்டில் பென்சிலைப் போட்டுவிட்டு எழும்பி ஓடுவார். கஃபேக்காரர் அந்தத் தாளையும் பென்சிலையும் எடுத்து உள்ளே பத்திரப்படுத்தி வைப்பார்.

"பொழுதுபோக்கு" என்ற சொல் அவருக்குப் பிடிக்காது. ஒரு கலியாண மண்டபத்தில் யாரோ ஒருவர் அவரை இன்னொருவருக்கு அறிமுகப்படுத்தினார்: "இவ லோயர். பொழுதுபோக்குக்குக் கதை எழுதுவா, படமும் கீறுவா." இவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எனக்குப் பொழுது தானாப் போகுது தம்பி. நான் அதைப் போக்கத் தேவையில்லை."

வரைவதைக் கீறுவது என்றுதான் சொல்வார், மன்னாரில் பிறந்தவர். தகப்பன் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர். மகளின் கொப்பி ஓரங்களில் எல்லாம் முகங்களும் வள்ளங்களும் கண்டு பயந்துபோய்ச் சட்டம் படிக்க அனுப்பினார். இவர் மறுக்கவில்லை. சட்டத்தையும் நன்றாகவே படித்தார், விரிவுரை நேரத்தில் விரிவுரையாளர்களையும் கீறினார். ஒன்றுக்காக மற்றதை விட வேண்டும் என்று ஏன் எல்லோரும் நினைக்கிறார்கள் என்பது கடைசிவரை அவருக்கு விளங்கவில்லை. தொண்ணூறுகளில் பாரிசுக்கு வந்தபோது அங்கே படித்த சட்டம் இங்கே செல்லாது என்றார்கள். பகலில் பிள்ளை பார்க்கும் வேலை செய்துகொண்டு, பாரிசை ஒட்டிய சென் தெனிப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சில் மறுபடி முதலிலிருந்து படித்தார். இரண்டாம் தடவை கறுப்பு அங்கி போட்டபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அந்த வருடங்களிலும் ஒரு காலைப்பொழுதைக்கூட எழுதாமல் கீறாமல் விடவில்லை என்று சொல்வார். அவர் சொன்னால் அது அப்படித்தான்.

மன்னார் நீதிமன்றத்தில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் வாயால் பல தடவை கேட்டிருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த சட்டத்தரணி, தன் வழக்கு கூப்பிடும்வரை பின்வரிசையில் இருந்து நீதவானைக் கீறிக்கொண்டிருந்திருக்கிறார். நீதவான் கண்டுவிட்டார். தாளை மேலே கொண்டுவரச் சொன்னார். மூக்குக் கண்ணாடியை மாட்டி நெடுநேரம் பார்த்துவிட்டு நீதவான் கேட்டார்:

"என்னுடைய காது இவ்வளவு பெரிதா?"

இவருக்குப் பொய் வரவில்லை. "ஓம், கனம் நீதவான் அவர்களே."

நீதவான் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் அன்று மதியம் வரை ஒரு கையால் காதை மூடிக்கொண்டேதான் வழக்குக் கேட்டாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்தபின் குரல் மாறும். "அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது தங்கச்சி. அந்தக் காது அவரின்ர. நான் கேக்காம எடுத்திட்டன். மனுசன் அந்தரப்பட்டுப் போனார்." அன்றிலிருந்து கேட்காமல் யாரையும் அவர் கீறவில்லை.

நான் 2010இல் வந்து சேர்ந்தேன், புதுக்குடியிருப்பிலிருந்து, தனியாக. வந்த புதிதில் பாரிஸ் புறநகர் லெ பிளாங்-மெனிலில் ஒரு வீட்டில் நான்கு பெண்களோடு ஒரு அறை. அகதி விண்ணப்பம் முதல் தடவை மறுக்கப்பட்டு, மேன்முறையீட்டு விசாரணைக்கு, அதை இங்கே எல்லோரும் கொமிசன் என்பார்கள், இவர்தான் எனக்கு லோயராக வந்தார். மூன்றாம் மாடி ஏறி மூச்சு வாங்க அவர் முன்னால் இருந்தபோது அவர் முதலில் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

"எல்லாத்தையும் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறது நீதவான்மாருக்கு மட்டும்தான் போகும். வேற ஒருத்தருக்கும் போகாது. என்ர சீவன் போற நேரத்திலயும் போகாது."

சொன்னேன். பல நாட்கள் போய்ப் போய்ச் சொன்னேன். கடைசியாக என் தம்பியைச் சொன்னேன். முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழியிலிருந்து தண்ணீர் எடுக்கப் போனவன், கையில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கானோடு போனவன், திரும்பி வரவில்லை. பிணமாகவும் வரவில்லை. அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை இரண்டு கைகளையும் மேசையில் வைத்தபடி இருந்தார். "தம்பியின்ர முழுப் பேரையும் எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கோ," என்றார். "பிரெஞ்சில பிழையாச் சொல்லிப்போடக் கூடாது."

விசாரணை நாளில் அவர் பேசியதில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, தம்பியின் பெயரைத் தவிர. அதை எங்கள் அம்மா கூப்பிடுகிற மாதிரி அவ்வளவு சரியாகச் சொன்னார். நடுவில் இருந்த நீதிபதி குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்நிய நாட்டு மேசையில் என் தம்பியின் பெயர் மரியாதையாக வைக்கப்பட்டதை நான் கண்டேன். தீர்ப்பு என்னவாக இருந்தாலும் அது போதும் என்று அன்று நினைத்தேன்.

தீர்ப்பு நல்லதாக வந்தது. லட்டுப் பெட்டியோடு மூன்றாம் மாடி ஏறினேன். பெட்டியை வாங்கி, அங்கே காத்திருந்தவர்களுக்கே பகிர்ந்துவிட்டுச் சொன்னார்: "இப்ப நான் உங்கட லோயர் இல்லை. வழக்கு முடிஞ்சுது. அதால ஒண்டு கேக்கலாம். விருப்பமில்லாட்டி இல்லையெண்டு சொல்லுங்கோ, நான் கோவிக்க மாட்டன். ஒரு காலமை கஃபேக்கு வந்து உங்கட கையை ஒருக்கா மேசையில வைப்பியளோ?"

அப்போதுதான் அறிந்தேன், வழக்கு வென்ற பலரிடமும் இதைக் கேட்டிருக்கிறார் என்று. வழக்கு நடக்கும்போது கேட்க மாட்டார், அப்போது கேட்டால் யாருக்கும் இல்லை என்று சொல்லும் துணிவு இருக்காது என்பார். தோற்றவர்களிடமும் கேட்க மாட்டார். "அவையிட்டைக் கேக்க எனக்கு வாய் வராது." முகம் கீறுவதில்லை, பெயர் எழுதுவதில்லை. கைகள் மட்டும். கோப்பை கழுவிக் கழுவி வெளுத்த கைகள், கட்டட வேலையில் நகம் பிளந்த கைகள், செபமாலை பிடித்த கைகள், ஒன்றும் பிடிக்காமல் சும்மா கிடக்கத் தெரியாத கைகள்.

என் கையைக் கீறிய காலையில் எனக்கு வெட்கமாக இருந்தது. இடது உள்ளங்கையில் எரிந்த தழும்பு ஒன்று உண்டு.

"கொஞ்சம் வடிவாக் கீறுங்கோ அக்கா," என்றேன்.

"உள்ளது வடிவுதான்," என்றார், தலை நிமிராமல்.

அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும், அவருடைய கோப்பில் இருந்தது. ஆனால் அன்று முதல் தடவை பார்ப்பவர் மாதிரிப் பார்த்தார். முடிந்ததும் தாளைத் திருப்பிக் காட்டி, "வைச்சிருக்கட்டோ?" என்று இன்னொரு தடவை கேட்டார். வைத்திருங்கள் என்றேன்.

கிளிநொச்சியில் நான் ஒரு அச்சகத்தில் கணினியில் தமிழ் எழுத்துக் கோத்தவள். இது தெரிந்ததும் அவர் தன் கதைகளைத் தட்டச்சுச் செய்யத் தந்தார். பகலில் துப்புரவு வேலை, பின்னேரங்களில் அவருடைய கதைகள். வாசித்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். வன்னி முழுக்க வந்து அழுதுவிட்டுப் போன மேசை அவருடையது. அவர் எழுதியதோ, தண்ணீர்க் குழாய் ஒழுகுகிற ஒரு வீட்டைப் பற்றி. மெத்ரோவில் பக்கத்தில் இருந்தவரின் தோளில் தூங்கிவிழுந்த ஒரு அந்நியனைப் பற்றி. மன்னார்க் கடற்கரையில் கழுதைகள் மழைக்கு ஒதுங்குவதைப் பற்றி. நல்ல கதைகள், ஒவ்வொரு சொல்லும் அளந்து வைத்தது. ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்கு மட்டுமில்லை. சிறு சஞ்சிகை ஒன்று நடத்தியவர், அவருடைய கதைகளைத் தொடர்ந்து போட்டவர், ஒருநாள் கஃபேயில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"அக்கா, உங்களிட்டை இருக்கிற கதையள் உலகத்தில ஒருத்தரிட்டையும் இல்லை. சனம் வந்து கொட்டிப்போட்டுப் போகுது. நீங்கள் என்னெண்டால் பைப் ஒழுகுறதை எழுதுறியள். இது நியாயமோ?"

"அவை எனக்குச் சொல்லேல்லை. லோயருக்குச் சொன்னவை."

"ரெண்டும் நீங்கள்தானே!"

"ஓம். அதுதான் கஷ்டம்," என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை.

சில மாதங்களின் பின் ஒரு பிரெஞ்சுப் பதிப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். நல்ல மனிதர், வன்னியில் நடந்ததை உலகம் அறிய வேண்டும் என்று உண்மையாகவே விரும்பியவர். பெயர்களை மாற்றி, ஊர்களை மாற்றி, வாக்குமூலங்களை ஒரு புத்தகமாக எழுதித் தரும்படி கேட்டார். தன் எழுத்து பிரெஞ்சில் புத்தகமாக வர வேண்டும் என்று லோயர் அக்கா எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது எனக்குத் தெரியும். இரண்டு தடவை கதைகளை மொழிபெயர்த்து அனுப்பி, இரண்டு தடவையும் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் போன பின் அவர் ஜன்னலடியில் நெடுநேரம் நின்றார்.

"பேரை மாத்தினால் ஆருக்குத் தெரியும் அக்கா?" என்று நானே கேட்டேன்.

"சொன்ன ஆளுக்குத் தெரியும். புத்தகத்தைத் திறக்க, தன்ர பிள்ளை செத்த கதை ஆரோ ஒருத்தியின்ர நல்ல வசனத்தில இருக்கும். பிறகு அந்த மனுசி ஆரிட்டைப் போய் வாய் திறக்கும்?"

மறுநாளே மறுத்துப் பதில் அனுப்பிவிட்டார். அதற்கு அடுத்த காலையில் ஏழு மணிக்குக் கஃபேயில் இருந்து, அந்தக் கழுதைக் கதையின் முடிவைத் திருத்திக்கொண்டிருந்தார்.

கைகளின் கண்காட்சி நடந்தது பாரிசின் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துப் பக்கம், கால்வாயோரத்தில் இருந்த ஒரு சிறு கூடத்தில். ஐம்பது வயதுக்குப் பிறகு வந்த அவருடைய முதல் கண்காட்சி. கூடத்தை நடத்திய பிரெஞ்சுப் பெண்மணி படங்களைப் பார்த்துவிட்டு, பணம் எதுவும் வாங்காமல் இடம் தந்தார். படத்துக்கு உரிய ஒவ்வொருவரிடமும் லோயர் அக்கா மறுபடி போய்க் கேட்டார். கூடத்துப் பெண்மணி சுவரொட்டிக்குத் தேர்ந்தெடுத்த படம், எல்லாப் படங்களிலும் மிகச் சிறந்தது. ஒரு ஆணின் இரண்டு கைகள், ஒன்றின் மேல் ஒன்று. வலது கையில் இரண்டு விரல்கள் பாதிக்கு மேல் இல்லை. இல்லாத விரல்களின் இடத்தையும் அவர் கீறியிருந்தார். லாச்சப்பலில் கடைக்குக் கடை அந்தச் சுவரொட்டி ஒட்டப்பட்டது. எங்கள் ஆட்கள் நின்று நின்று பார்த்தார்கள். மரக்கறிக்கடைக்காரர் தன் கண்ணாடியில் இரண்டு ஒட்டினார்.

திறப்பு நாள் மத்தியானம், நாங்கள் படங்களுக்குக் கீழே தூசு தட்டிக்கொண்டிருந்தபோது, அந்தக் கைகளின் சொந்தக்காரர் வந்தார். வேலை உடுப்போடு வந்து வாசலிலேயே நின்றார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. நான் ஓமெண்டு சொன்னது உண்மைதான். ஆனா ஆரோ போஸ்டரைப் படமெடுத்து பேஸ்புக்கில போட்டிட்டாங்கள். மனிசியும் பிள்ளையும் இன்னும் ஊரில. போன மாசமும் ஆமிக்காரங்கள் வந்து விசாரிச்சவங்கள். இந்தக் கையைத் தெரிஞ்ச ஆக்கள் அங்கை இருக்கினம்."

லோயர் அக்கா வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஏணியில் ஏறிப் படத்தைச் சுவரிலிருந்து தானே இறக்கினார். கூடத்துப் பெண்மணி ஓடிவந்தார். இன்னும் மூன்று மணித்தியாலத்தில் ஆட்கள் வருவார்கள், பத்திரிகையிலிருந்து வருகிறார்கள், இந்தப் படத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று பிரெஞ்சில் கெஞ்சினார். இவர் சட்டகத்தைக் கழற்றிக்கொண்டே அமைதியாகப் பதில் சொன்னார். எனக்கு அப்போது அவ்வளவு பிரெஞ்சு விளங்கும்: "அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், மேடம்."

தாளை அந்த மனிதரின் கையில் கொடுத்தார். "இது உங்கட கை. என்னவும் செய்யுங்கோ."

அவர் தாளைப் பார்த்தபடி நின்றார். கண் கலங்கியது. பிறகு அதைக் கிழித்தார். இரண்டாக, நாலாக, இன்னும் சிறிதாக. நான் என்னை அறியாமல் கத்திவிட்டேன். லோயர் அக்கா என் தோளைப் பிடித்து நிறுத்தினார். மனிதர் துண்டுகளைப் பொக்கெற்றுக்குள் அடைத்துக்கொண்டு, அவரைப் பார்த்துக் கைகூப்பினார். அந்த அரைகுறை விரல்களால் கூப்பியதை நான் மறக்கமாட்டேன்.

அந்த மனிதர் போனதும் லோயர் அக்கா, "போஸ்டரை ஆர் கழட்டுறது?" என்று கேட்டபடி தன் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினார்.

ஸ்டாலின்கிராட்டிலிருந்து லாச்சப்பல் வரை, பிறகு வட ரயில் நிலையம் வரை, திறப்புவிழாவுக்காகக் கட்டிய பட்டுச் சேலையோடு அவர் கடை கடையாக ஏறி இறங்கித் தன் சுவரொட்டிகளைத் தானே உரித்தார். நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். காரணம் கேட்டவர்களுக்கு, "பிழை இருக்குது, திருத்த வேணும்," என்று மட்டும் சொன்னார். "லோயர், சனம் வராட்டி என்ன செய்யிறது?" என்று சேலைக் கடைக்காரர் சிரித்தார். "வாற சனம் போதும்," என்றார். இணையத்தில் போட்டவரையும் கண்டுபிடித்து, அவருடைய கடை வாசலிலேயே நின்று அழிக்க வைத்தார்.

வழியில் எனக்கு ஆற்றாமை. "உங்களுக்கு ஞாபகம் இருக்கும்தானே அக்கா. திரும்பக் கீறலாம். ஒருத்தருக்கும் காட்டாம வைச்சிருக்கலாம்."

"ஞாபகத்தில இருந்து கீறினால் அது களவு," என்றார். பிறகு இரண்டு அடி நடந்து, "ஆனா நல்ல படம், என்ன?" என்றார். அந்தக் கேள்வியில் மட்டும்தான் அவருடைய இழப்பு எனக்குக் கேட்டது.

மாலையில் சனம் நிறைய வந்தது. நடுச் சுவரில் ஆணி மட்டும் இருந்த வெற்றிடத்தைப் பற்றிப் பலர் கேட்டார்கள், பத்திரிகைக்காரரும் கேட்டார். "ஒரு படம் இருந்தது, இப்போது இல்லை," என்பதைத் தவிர அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அந்தக் கூடத்தில் அவருடைய சேலை விளிம்பில் பசையும் கடதாசித் துண்டும் ஒட்டியிருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது. அந்தப் பெண்ணைத் தெரிந்தவள் என்று அங்கே நிற்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

இவ்வளவையும் பார்த்த பிறகும் நான் அவரிடம் ஒன்று கேட்டேன். தம்பி காணாமல் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அம்மாவும் ஊரில் காலமாகிவிட்டார். நானும் போனால் அவனைச் சொல்ல ஆள் இல்லை என்ற பயம் எனக்குள் வந்திருந்தது.

"அக்கா, என்ர கதையை நீங்கள் எழுதுங்கோ. நானே சொல்லுறன். பேரையும் போடுங்கோ. நான் விட்டுத்தாறன்."

"நீங்கள் விட்டுத் தந்தாலும் என்னால ஏலாது, தங்கச்சி. இந்த நாட்டுச் சட்டத்தில லோயரின்ர இரகசியத்தை, சொன்ன ஆளாலகூட அவிழ்க்கேலாது. சட்டம் இல்லாட்டியும் நான் எழுத மாட்டன். அது உங்கட தம்பி."

"எனக்கு எழுதத் தெரியாதே."

"அது எனக்குத் தெரியாது," என்றார். "காலமையில என்ர மேசையில இன்னொரு கதிரை இருக்குது. கதைக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அப்படித்தான் நான் எழுதினேன். ஒரே மேசையில், எதிரும் புதிருமாக. அவர் தன்னுடையதை எழுதுவார், நான் என்னுடையதை. நான் எழுதிய ஒரு வரியைக்கூட அவர் எட்டிப் பார்த்ததில்லை. திருத்தித் தாருங்கள் என்று கெஞ்சியபோதும் மறுத்துவிட்டார். "அச்சில வரட்டும். மற்ற சனத்தோட சேர்ந்து வாசிக்கிறன்." நான் எழுதமுடியாமல் அழுத நாட்களில் கஃபேக்காரரைப் பார்த்து விரலைக் காட்டுவார், எனக்கு முன்னால் ஒரு கோப்பி வந்து இறங்கும். நெடுங்காலம் எடுத்தது. புத்தகம் சிறியது. அட்டைக்கு, என் அனுமதி கேட்டு, என் கைகளின் படத்தைத் தந்தார்.

அவர் இப்போது லாச்சப்பலில் இல்லை. வேலையை விட்டுவிட்டுத் தெற்கே கடல் உள்ள ஒரு ஊருக்குப் போய், நாள் முழுக்கக் கீறுகிறார், எழுதுகிறார். ஒன்பது மணிக்குப் பிறகும் அவர் லோயர் இல்லை. அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது, என் புத்தக வெளியீடு நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை.

தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபம், தேநீரும் வடையும், நாற்பது ஐம்பது பேர். அவர் கடைசி வரிசையில் இருந்தார். நான் தம்பி தண்ணீருக்குப் போன பகுதியை வாசித்தேன். முடிந்ததும் நடுவில் இருந்த ஒரு பெரியவர் எழும்பினார். கெட்ட மனிதர் இல்லை, எல்லாக் கூட்டங்களிலும் எழும்பிக் கேள்வி கேட்பவர்.

"தங்கச்சி, பிழையா நினைக்கக் கூடாது. இஞ்சை எல்லாரும் விசாவுக்கு ஒரு கதை வைச்சிருக்கினம். எங்களுக்குத் தெரியாததோ? இது நடந்ததோ, இல்லாட்டிக் கொமிசனுக்குச் சோடிச்சதோ?"

வாசித்த பக்கத்தில் விரலை வைத்தபடி நான் புத்தகத்தை மூடினேன். பெரியவர் பின்னால் திரும்பினார்.

"உங்கட லோயரே அந்தா இருக்கிறா. அவவைக் கேப்பம். லோயர், நீங்கள் சொல்லுங்கோ. கொமிசனில சொன்னதும் இதுதானோ?"

எல்லாத் தலைகளும் திரும்பின. நானும் அவரையே பார்த்தேன். ஓம் என்ற ஒரு சொல். அதைச் சொன்னால் அந்த மண்டபத்தில் அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவருடைய சொல்லுக்கு லாச்சப்பலில் அவ்வளவு மதிப்பு.

அவர் மெல்ல எழும்பினார். கையில் என் புத்தகம்.

"எனக்கு இந்தக் கதை தெரியாது," என்றார். "உங்களோட இருந்து நானும் இண்டைக்குத்தான் முதல்தரம் கேக்கிறன்."

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. என் தம்பியின் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டவர், நீதிபதியை நிமிர்ந்து பார்க்க வைத்தவர், தெரியாது என்கிறார். பிறகு அவர் என்னைப் பார்த்தார். வழக்கம்போல கையை அல்ல, நேராகக் கண்ணை. அந்தப் பார்வையில் எனக்கு விளங்கியது. அவர் ஓம் என்றால், தம்பியின் கதை லோயர் சொன்னதால் உண்மையாகியிருக்கும். அது அவருக்கு வேண்டாம். எனக்கும் வேண்டாம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"எழுதின ஆள் முன்னால நிக்கிறா," என்றார் பெரியவரிடம். "அவவைக் கேளுங்கோ, அண்ணை." சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

தலைகள் எல்லாம் மறுபடி என் பக்கம் திரும்பின. என் குரல் இவ்வளவு தெளிவாக வரும் என்று நான் நினைக்கவில்லை.

"ஓம் அண்ணை, நடந்தது," என்றேன். "இருங்கோ, மிச்சத்தையும் வாசிக்கிறன்."